பானைக்குச் சூட்டிய கிரீடம்

எங்கள் தொழிலில் ராஜாக்கள் காலையில் புறப்பட்டுப் போய் மறுநாள் திரும்பி வருவார்கள். வரும்போது காலரில் யாரோ ஒருவருடைய வியர்வை இருக்கும், அங்கியின் ஓரத்தில் மேடைத் தூசி இருக்கும், ராஜ்ஜியம் மட்டும் இருக்காது.

திருவேற்காட்டில் நாடக உடைகள் வாடகைக்குக் கொடுக்கிறேன். பந்தல் சாமான், பாத்திரம், நாற்காலி என்று எதையாவது வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். நம் பொருள் ஊரில் உள்ள எல்லா விசேஷத்துக்கும் போகிறது. நமக்குத்தான் பத்திரிகை வருவதில்லை. வியாபாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்த பிறகு பள்ளிக்கூடங்கள் பெருகின. பள்ளிக்கூடம் என்றால் ஆண்டு விழா உண்டு, மாறுவேடப் போட்டி உண்டு. வேப்பம்பட்டிலிருந்துகூட ரயிலேறி வந்து புலி வேஷம் கேட்கிறார்கள்.

இதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். ஆயுத பூஜைக்கு அங்கே நாடகம் போடுவார்கள். நான் உயரம் என்பதால் எனக்கு எப்போதும் ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கிற காவலாளி வேஷம். ராஜா வேஷம் ஃபோர்மேனுக்கு. அவர் முன்னால் நின்று பேசுகிற வசனத்தையெல்லாம் பின்னால் நின்று நானும் உதட்டுக்குள் பேசிக்கொண்டிருப்பேன். கம்பெனியை மூடிய பிறகு, தேவராஜன் அண்ணன் நடத்திவந்த இந்தக் கடையை வாங்கினேன். ஏன் மளிகைக் கடை வைக்கவில்லை, ஏன் ஜெராக்ஸ் மெஷின் போடவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. பதில் தெரியும். ஐம்பது தாண்டியவனுக்கு அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

பானை ராஜா

கடையை ஒப்படைக்கும்போது தேவராஜன் அண்ணன் எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். கடைக்காரன் தன் சரக்கைத் தானே உடுத்திப் பார்க்கக் கூடாது, அதிலும் கிரீடத்தைத் தலையில் வைக்கவே கூடாது. வைத்தால் அது வெளியே போகாமல் கடையிலேயே தங்கிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். அதனால் கிரீடத்தின் வளையம் வளையாமல் இருக்க ஒரு மண்பானையைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பது வழக்கம். என் கடையில் வாசலைப் பார்த்தபடி அப்படி ஒரு பானை இருக்கிறது. ஆள் வராத நேரத்தில் நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு நம்பிக்கை அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மீறியதில்லை. ஒரு சமாதானம் மட்டும் செய்து வைத்திருந்தேன்: வாடகைக்கு வெளியே போய்விட்டால் அது கடைச் சரக்கு இல்லை, யாராவது மேடைக்குக் கூப்பிட்டு, அவர்கள் நாடகத்துக்காக என் தலையில் வைத்தால் அதில் தவறில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் விஷயம்.

ஒருநாள் மகளுக்கு மயில் வேஷம் எடுக்க ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலை வந்திருந்தார். இறக்கையை மடித்துக் கட்டுகிற வரைக்கும் பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா அண்ணாத்தே, பானை ராஜாவா கீது, நீ அதுக்குக் காவலுக்குக் குந்திகினு கீற."

மூன்று பேரும் ஒரு கண்ணாடியும்

ஆங்கில நாடகம் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். போரில் ஜெயித்துவிட்டுத் திரும்பும் தளபதியைப் பொட்டல்வெளியில் மூன்று சூனியக்காரிகள் மறிக்கிறார்கள். ஒருத்தி அவனுக்கு இருக்கிற பதவியைச் சொல்லி வாழ்த்துகிறாள். அடுத்தவள் இல்லாத பதவியைச் சொல்லி வாழ்த்துகிறாள். மூன்றாமவள், நீ ராஜாவாவாய் என்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து, இரண்டாவது பதவியை ராஜா உனக்குக் கொடுத்துவிட்டார் என்கிறான். அப்புறம் அவனுக்கு ஏது நிம்மதி. அவன் வீடு போய்ச் சேரும் முன்பே மனைவிக்குச் சேதி போகிறது. அந்த ராஜாவே அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். வீட்டுக்காரி சிரித்த முகமாக உள்ளே அழைத்துப் போகிறாள்.

என் கடைத் துணிகளுக்கு நாடகம் அதோடு சரி. கல்லூரிப் போட்டிகளில் கால்மணி நேரம்தான் கொடுப்பார்கள். ராஜா வாசற்படி தாண்டும்போது மணி அடித்துவிடும். கொலையெல்லாம் அதற்குப் பிறகு. அதனால் அங்கியில் சிவப்புச் சாயம் படாமல் திரும்பி வரும். எனக்கு மிகவும் பிடித்த நாடகம்.

ஆவடிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து மூன்று பெண்கள் சூனியக்காரி உடைக்காக வந்தார்கள். கறுப்பு அங்கியை மாட்டி, சடைபிடித்த நரைமுடி டோப்பாவை வைத்துக்கொண்டு என் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றார்கள். பின்னால் நான் குண்டூசி டப்பாவோடு நின்றேன். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துவிட்டு ஒருத்தி அப்படியே நிற்கச் சொன்னாள். மூவரும் திரும்பினார்கள். முதல் பெண், திருவேற்காட்டுக் கடை முதலாளியே வாழ்க என்றாள். இரண்டாமவள், பூந்தமல்லிக் கடைக்கும் முதலாளியே வாழ்க என்றாள். எனக்குப் பூந்தமல்லியில் கடை கிடையாது, சிரித்தேன். மூன்றாமவள் சிரிக்கவில்லை. டோப்பாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வாழ்க அங்கிள். நீங்க ராஜா ஆவீங்க."

பூந்தமல்லியிலிருந்து ஒரு போன்

அந்த வாரமே நாகு போன் செய்தார். பூந்தமல்லியில் இதே தொழில் செய்கிறவர். கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப்போவதாகவும், கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனால்தான் மனசு ஆறும் என்றும் சொன்னார். வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்த பிறகு நான் முதலில் பார்த்தது கண்ணாடியை. அங்கே யாரும் இல்லை. பானையும் நானும்தான்.

யோசித்துப் பார்த்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. மகன் கூப்பிடுவதாக நாகு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தளபதிக்கும் அப்படித்தான். சூனியக்காரிகள் வாய் திறப்பதற்கு முன்பே பதவி கொடுத்தாகிவிட்டது, தகவல்தான் வழியில் இருந்தது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு பலித்ததும் மூன்றாவது ஒரு பாக்கியைப் போல வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதை என்ன செய்வது? அவர்கள் சொன்னதால் எனக்கு ஆசை வந்ததா, ஆசை இருந்ததால்தான் அவர்கள் சொன்னது காதில் விழுந்ததா என்று ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே யோசித்தேன்.

என் மனைவி விஜயா அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். ராஜா என்றால் நிஜ ராஜாவா, மேடையில் ஒரு தடவை கிரீடம் வைத்து நிற்பதுதான் என்றும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"கடையில குந்திகினு கீறவனத் தேடிகினு வருமா இன்னா அது? எங்கனா போய் நில்லுய்யா, நாலு பேரு கண்ணுல படணும்ல."

நின்ற இடம்

போய் நிற்பதற்கு இடம் தானாகவே வந்தது. ஐயப்பன்தாங்கலில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க ஆண்டு விழா. அதே நாடகம், அதே ஆரம்பக் காட்சிகள், தமிழில். தளபதியாக நடிப்பவர் திருநெல்வேலிக்காரர், அவருடைய மனைவியாக நடிக்கும் நந்தினி மதுரைப் பெண். இருவருக்கும் சாஃப்ட்வேர் வேலை. ராஜாவாகச் சங்கத் தலைவர் வைத்தியலிங்கம். அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கமாக உடைகளை மூட்டையாகக் கட்டி ஏழுமலை வண்டியில் ஏற்றிவிடுவேன். இந்தத் தடவை நானே எடுத்துக்கொண்டு போனேன். அளவு சரிபார்க்க வேண்டும் என்று சொன்னேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

ஒத்திகை மாடியில் நடந்தது. நான் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாளும் போனேன். ராஜாவுக்கு வசனம் கொஞ்சம்தான். வீட்டு வாசலுக்கு வந்து, இந்த இடத்துக் காற்று எவ்வளவு இதமாக இருக்கிறது என்பார். வீட்டுக்காரியை வாழ்த்துவார். உள்ளே போவார். எனக்கு அதற்குள் முழுக்க மனப்பாடம் ஆகியிருந்தது. அன்று தலைவர் வரத் தாமதம். வெறும் காற்றைப் பார்த்துப் பேச வரவில்லை என்று நந்தினி என்னைக் கூப்பிட்டு ராஜாவின் இடத்தில் நிற்கச் சொன்னார்.

நின்றேன். கிரீடம் இல்லை, அங்கி இல்லை. சட்டைப்பையில் அளவு நாடா. அந்தப் பெண் என் முன்னால் கைகூப்பிக் குனிந்து, இந்த வீடும் இதில் உள்ள நாங்களும் உங்களுடையவர்கள் என்று சொன்னாள். என்னை அப்படி யாரும் வரவேற்றதில்லை. உள்ளே கொலை காத்திருக்கிறது என்பது தெரியும். இருந்தாலும் கால் தானாக ஓர் அடி முன்னால் போனது. ஆயுத பூஜை மேடையில் அந்த ஓர் அடிக்காகத்தான் வருஷம் வருஷமாக நின்றிருக்கிறேன் போல. காற்று இதமாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். லிஃப்ட் கதவு திறந்தது. நந்தினி எட்டிப் பார்த்துவிட்டு நல்ல பெண்ணாகவே சொன்னார்:

"தேங்க்ஸ்ண்ணா. சார் வந்துட்டாரு, நீங்க போய் உக்காந்துக்கங்க."

மனப்பாடம்

இரண்டு நாள் கழித்து, சூனியக்காரி வேஷம் எடுத்துப்போன மூன்றாவது பெண் இன்னொரு போட்டிக்காகக் கடைக்கு வந்தாள். டோப்பா இல்லாமல் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் பில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். சால்வை எடுத்துக் கொடுத்தேன், மூக்கு ஒட்டுவதற்குப் பசை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் கேட்டே விட்டேன்: அன்றைக்கு என்னைப் பார்த்து ஏன் அம்மா அப்படிச் சொன்னாய்?

அவளுக்கு நினைவில்லை. நான் பூந்தமல்லிக் கடையைப் பற்றிச் சொன்னதும், அது அவளுடைய தோழியின் வேலை, அவள் வீடு பூந்தமல்லியில்தான், பக்கத்தில் ஒரு கடை இருந்தால் அலைச்சல் மிச்சம் என்று புலம்பிக்கொண்டே இருப்பாள் என்றாள். அப்படியானால் ராஜா? சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"வசனம் மனப்பாடம் ஆகணும்ல அங்கிள், பாக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்தோம். பஸ் கண்டக்டரையும்தான் ராஜா ஆக்கினோம்."

கனம்

வாசகர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். ஜோசியம் பொய் என்று தெரிந்த பிறகு ஆசையும் கிளம்பிப் போய்விட வேண்டும், அதுதான் நியாயம். என்னுடையது போகவில்லை. முன்பாவது யாரோ சொன்னார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அதற்கு நான் ஒருவன்தான் சொந்தக்காரன்.

விழா நாள் காலை வைத்தியலிங்கம் போன் செய்தார். அவருக்குக் கழுத்து எலும்பு தேய்மானம். கிரீடம் கனமாக இருந்தால் தன்னால் முடியாது, என்னையே நிற்க வைத்துவிடலாம், ஒத்திகையில் நன்றாக நின்றேன் என்று நந்தினி சொன்னாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது சிரிப்பு. என்னிடம் இரண்டு கிரீடங்கள் இருந்தன. ஒன்று ஃபோமில் செய்து தங்கத்தாள் ஒட்டியது, காகிதம் போல இருக்கும். இன்னொன்று நாகு கடையிலிருந்து வந்தது. பித்தளைத் தகடு, கண்ணாடிக் கற்கள், தூக்கினால் கை தாழும். ஃபோம் கிரீடத்தை மறந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். யாருக்கும் ஒரு கீறலும் விழாது. நான் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐயப்பன்தாங்கல் டெப்போவில் இறங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பேருந்துகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்தத் தளபதியை நினைத்துக்கொண்டேன். அவனும் கெட்டவன் இல்லை. விருந்துக்கு வந்திருக்கிற மனிதரைப் பற்றித் தனியாக நின்று இப்படித்தான் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வான். அவன் மேடையில் பேசுகிறான், நான் டெப்போவில் பேசுகிறேன். எனக்கு அந்த மனிதரிடம் பகை உண்டா? இல்லை. அவர் கழுத்தை விட என் தலை பெரிதா? இன்னும் இரண்டு பேருந்துகள் உள்ளே போகும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுந்து நடந்தேன். நல்லவனாக இருந்ததால் செய்தேனா, துணிச்சல் இல்லாததால் செய்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. ஃபோம் கிரீடத்தை எடுத்து அவர் தலையில் நானே வைத்தேன். ஹேர்பின் குத்தினேன். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்பாடா, பஞ்சு மாதிரி இருக்கு. இல்லேன்னா இன்னிக்கு நீங்கதான் ராஜா."

திரும்பி வந்தவை

நாடகம் நன்றாக நடந்தது. நான் மேடையின் பக்கத்தில், திரை இழுக்கிறவருக்கு அருகில் நின்றேன். கையில் ஈட்டி மட்டும்தான் இல்லை. வைத்தியலிங்கம் வந்தார். காற்று இதமாக இருக்கிறது என்றார். நான் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நிறுத்தி, நிஜமாகவே மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சொன்னபோது முன்வரிசைப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. நந்தினி குனிந்து வரவேற்றார். ராஜா உள்ளே போனார். என் உதடுகள் அசைந்துகொண்டிருந்ததைத் திரை இழுக்கிறவர் பார்த்துவிட்டார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்காக அவருக்கு நன்றி.

எல்லோரும் தலைவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். உடைகளை எண்ணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் நேராக என்னிடம் வந்து கிரீடத்தைக் கழற்றித் தந்தார். முகமெல்லாம் வேர்த்து, சின்னப் பையனைப் போல இருந்தார். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டேன். மேடை ஏறியதும் கழுத்து இருப்பதே மறந்துவிட்டதாம். பிறகு ஒரு குறை இருப்பது போலக் குரலைத் தணித்துச் சொன்னார்:

"ஆனா ஒண்ணுங்க, தலையில வெச்ச மாதிரியே இல்ல. அடுத்த வருஷம் நல்லா கனமா ஒண்ணு கொண்டாங்க."

என் காலடியில் பை இருந்தது. அதற்குள் பித்தளை இருந்தது. கொண்டுவருகிறேன் என்றேன்.

வீட்டில் விஜயா பையை வாங்கிக் கீழே வைக்கும்போதே கனத்தைக் கவனித்தாள். ஜிப்பைத் திறந்து இரண்டையும் பார்த்தாள். நான் எதற்காக எடுத்துப் போனேன், ஏன் வெளியே எடுக்கவில்லை என்று சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.  காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடிக் கற்களை முந்தானையால் துடைத்தாள். கிரீடத்தை என் தலைக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் தூரத்திலிருந்தே அளவு பார்த்தாள். வைக்கவில்லை, தொழிலின் கட்டுப்பாடு அவளுக்கும் தெரியும். பிறகு சொன்னாள்:

"உனக்குன்னா கொஞ்சம் லூஸாத்தான் இருக்கும்யா. பரவால்ல, உள்ள துணி வெச்சுத் தைச்சுக் குடுக்கறேன். அடுத்த வருசம் அந்தாளு வெளியூருக்குப் போவாமலா போய்டுவாரு."

மறுநாள் காலை கடையைத் திறந்து, ஃபோம் கிரீடத்தை அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் பித்தளையைப் பானையின் மேல் வைத்தேன். மூன்று வாக்கில் முதல் இரண்டும் எனக்குப் பலித்தன, மூன்றாவது மட்டும் வழக்கம்போலப் பானைக்கு.